பழைய காரில் ஆயில் கசிகிறதா? இன்ஜினை இறக்கும் முன் பிசிவி வால்வைப் பாருங்கள்

காட்பாடி எஸ்டீம்

வணக்கம். அப்பா 1999ல் வாங்கிய எஸ்டீம் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. 1,38,000 கி.மீ. ஆகிவிட்டது. இரண்டு வருடமாக இந்த வண்டியோடு பட்ட பாட்டை எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் யாராவது ஒருவருக்கு இன்ஜின் வேலைச் செலவு மிச்சமானால் போதும்.

முதலில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவர் ஓரமாக ஆயில் கசிந்தது. வேலூர் கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நின்றால் கருகிய ஆயில் வாடை உள்ளே வரும். பேக்கிங் மாற்றினோம். நாலு மாதத்தில் திரும்பக் கசிந்தது. இந்த முறை புது பேக்கிங்கோடு சிலிகான் பேஸ்ட்டும் தடவினார்கள். அங்கே நின்றது, ஆனால் டைமிங் பெல்ட் பக்கம் கிராங்க் ஆயில் சீல் கசிய ஆரம்பித்தது. அதையும் மாற்றினோம். மழைக்காலம் முடிவதற்குள் கியர்பாக்ஸ் பக்கத்து சீலும் போனது. அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலியே அதிகம். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

கடைசியில் அந்த ஒர்க்‌ஷாப்பில், "பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைந்து போரிங் போடணும், 45,000 ஆகும், இல்லையென்றால் வண்டியைத் தள்ளிவிடுங்கள்" என்றார்கள். அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவே இல்லை.

ராணிப்பேட்டையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் பட்டறை வைத்திருக்கிறார். போரிங் போடும் முன் அவரிடம் ஒருமுறை காட்டலாம் என்று போனோம். அவர் பானெட்டைத் திறந்ததும் ஆயில் அளக்கும் கம்பியைத்தான் பார்த்தார். குழாயில் இருந்து அரை இஞ்ச் மேலே எழும்பி நின்றது. நாங்கள் யாரும் அதுவரை கவனிக்கவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தார். காற்று தள்ளியது. டேப்பெட் கவரில் இருந்து, சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தார் மாதிரி அடைத்திருந்தது. அந்த வழியில் இருக்கும் பிசிவி வால்வு, அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்ன வால்வு, அசையவே இல்லை.

வால்வு, ஹோஸ், இரண்டு கிளிப், எல்லாம் சில நூறு ரூபாய்தான். மாற்றி ஏழு மாதம், 6,000 கி.மீ. ஆகிறது. ஒரு சொட்டு ஆயில் தரையில் இல்லை.

நாங்கள் மாற்றிய சீல் எல்லாம் நல்ல சீல்தான். உள்ளே அழுத்தம் சேர்ந்துகொண்டே இருந்ததால், எந்த இடம் பலவீனமோ அந்த வழியாக ஆயில் வந்திருக்கிறது. ஒன்றை அடைத்தால் அடுத்தது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சர்வீஸுக்கு விட்டால் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக் என்று பில் வரும். இருபத்தைந்து வருட பில்லில் ஒன்றில்கூட பிசிவி என்ற வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வைத்துத் தேடிப் பார்த்தேன்.

சத்துவாச்சாரி சான்ட்ரோ

நல்ல பதிவு நண்பரே. எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. இன்ஜினுக்குள் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? ரிங் நன்றாக இருந்தால் வரக்கூடாதே?

என் வண்டி 2006 சான்ட்ரோ ஜிங், 92,000 கி.மீ. ஆயில் கசிவு இல்லை. ஆனால் ஸ்லோ ஸ்பீடு ஏறி இறங்குகிறது, சிக்னலில் சில சமயம் ஆஃப் ஆகிறது. இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியை மூன்று முறை கழுவியாகிவிட்டது. கழுவினால் இரண்டு மாதம் சரியாக இருக்கும், அப்புறம் பழைய கதைதான். இதற்கும் இந்த வால்வுக்கும் சம்பந்தம் உண்டா?

பாலாற்றங்கரை பட்டறை

தம்பி, நான் இருபத்தெட்டு வருடமாக பெட்ரோல் வண்டி வேலை பார்க்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புது வண்டியிலும் ரிங் நூற்றுக்கு நூறு அடைக்காது. ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தே ஆக வேண்டும், சூட்டில் விரிய இடம் வேண்டும் அல்லவா. பெட்ரோல் எரியும்போது வரும் வாயுவில் கொஞ்சம் அந்த வழியாகக் கீழே ஆயில் இருக்கும் அறைக்கு இறங்கும். புளோபை என்று சொல்வது அதைத்தான். அதில் எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், அமிலத் தன்மையுள்ள வாயு இருக்கும், நீராவி இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகும். பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் கீழே இறங்கும். அதை அங்கேயே விட்டால் ஆயிலோடு கலந்து கெடுக்கும், அழுத்தமும் சேரும்.

அதனால் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் பக்கத்தில் இருந்து ஒரு பிரீதர் ஹோஸ், சுத்தமான காற்று உள்ளே வர. மேனிஃபோல்டுக்கு இன்னொரு ஹோஸ், கெட்ட காற்றை இன்ஜினே உறிஞ்சி எரித்துவிட. இந்த இரண்டாவது வழியில்தான் பிசிவி வால்வு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன முளை. ஐடிலிங்கில், அதாவது நீங்கள் சொல்லும் ஸ்லோ ஸ்பீடில், மேனிஃபோல்டின் உறிஞ்சும் விசை மிக அதிகம், அப்போது முளை இழுக்கப்பட்டு வழி குறுகும். ரோட்டில் சீராகப் போகும்போது விசை குறையும், வழி அகலும், அதிகம் இழுக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசையே இருக்காது. அப்போது மிச்ச வாயு பிரீதர் வழியாகத் திரும்பி ஏர் ஃபில்டர் பக்கம் போகும். பேக்ஃபயர் ஆனால் வால்வு மூடிக்கொண்டு தீ கீழே போகாமல் காக்கும். இவ்வளவு வேலையும் கட்டைவிரல் அளவு சாமான் செய்கிறது.

அது மூடிய நிலையில் பிடித்துக்கொண்டால் எஸ்டீம் அண்ணன் சொன்ன கதை. திறந்த நிலையில் பிடித்துக்கொண்டால் உங்கள் கதை. ஐடிலிங்கில் அளவுக்கு மேல் காற்று மேனிஃபோல்டுக்குப் போகும், கூடவே ஆயில் ஆவியும் போகும். த்ராட்டில் பாடியும் ஐடில் வால்வும் கரி பிடிக்கும். கழுவிக்கொண்டே இருக்கலாம், ஊற்று மூடவில்லையே.

உங்கள் வண்டியில் வால்வு டேப்பெட் கவரில் இருக்கும். அதை வெளியே எடுத்து, ஹோஸில் மாட்டியபடியே இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். திறந்த முனையில் விரலை வையுங்கள். நன்றாக உறிஞ்ச வேண்டும், விரலை வைத்ததும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டு வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள், கலகலக்க வேண்டும். கலகலத்தால் மட்டும் நல்ல வால்வு என்று முடிவு செய்யாதீர்கள். ஸ்பிரிங் தளர்ந்த வால்வும் கலகலக்கும்.

திருப்பத்தூர் ஜென்

எனக்கு வேறு அனுபவம். வேலை விஷயமாக மாதம் இரண்டு முறை ஏலகிரி ஏறி இறங்குகிறேன். பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது புகை இல்லை. இறங்கி முடித்து பொன்னேரி பக்கம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை கொஞ்ச நேரம் வரும். அப்புறம் இல்லை. இது ரிங்கா, பிசிவியா?

பாலாற்றங்கரை பட்டறை

ஏறும்போது இல்லாமல் இறங்கிய பிறகு வருகிறது என்றால் ரிங்கை முதல் சந்தேகமாக வைக்க மாட்டேன். ரிங் போன வண்டி சுமை ஏறும்போதுதான் அதிகம் புகை தள்ளும். இறக்கத்தில் கியரில் விட்டு வருகிறீர்கள், த்ராட்டில் மூடியிருக்கிறது, மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை உச்சத்தில் இருக்கும். அந்த விசை இன்ஜின் ஹெட்டில் இருக்கும் வால்வுகளின் கைடு வழியாக ஆயிலை இழுக்கும், வால்வ் சீல் காய்ந்து போயிருந்தால். பிசிவி திறந்தபடி பிடித்திருந்தால் அந்த வழியாகவும் இழுக்கும். முதலில் பிசிவியையும் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸையும் கழற்றிப் பாருங்கள். ஹோஸுக்குள் ஆயில் சொட்டச் சொட்ட இருந்தால் அதில் ஆரம்பியுங்கள். லேசான ஈரம் மட்டும் என்றால் அது சாதாரணம், வால்வ் சீல் பக்கம் போங்கள். வால்வ் சீலுக்கு இன்ஜினை இறக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆம்பூர் 800

நான் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மூன்று வருடம் முன்பே ஹோஸைக் கழற்றி, மேனிஃபோல்டு துளையை போல்ட் போட்டு அடைத்துவிட்டேன். டேப்பெட் கவர் ஹோஸை நீளமாக்கிக் கீழே விட்டிருக்கிறேன். பழைய லாரிகளில் அப்படித்தானே இருந்தது? கார்புரேட்டர் சுத்தமாக இருக்கிறது, கரியே பிடிக்கவில்லை. இதில் என்ன தவறு என்று யாராவது விளக்கினால் திருத்திக்கொள்கிறேன்.

அம்பாசடர் 1489

நண்பரே, நீங்கள் செய்தது ஒருகாலத்தில் தொழிற்சாலையிலேயே செய்ததுதான். எங்கள் அம்பாசடரின் பழைய 1489 சிசி இன்ஜினில், பக்கவாட்டு டேப்பெட் மூடியில் இருந்து ஒரு குழாய் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது அடியில் போகும் காற்று அந்தக் குழாயின் வாயில் இழுவையை உண்டாக்கி, உள்ளே இருக்கும் வாயுவை வெளியே எடுக்கும். ஆனால் வண்டி ஓடினால்தான் இழுவை. நின்றுகொண்டு ஐடிலிங்கில் இருந்தால் காற்றோட்டம் கிட்டத்தட்ட இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசலில் அரை மணி நேரம் நகரும் வண்டிக்கு அந்தக் குழாய் இருந்தும் பயனில்லை.

அதனால்தான் அதைக் கைவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் புகைமூட்டத்துக்குக் கார்கள் ஒரு காரணம் என்று தெரிந்த பிறகு, 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புது கார்களில் பிசிவி வந்தது. சைலன்சரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வருவதற்குப் பத்து வருடத்துக்கும் முன்பே வந்த மாசுக் கட்டுப்பாடு இது. காற்றைக் காக்க வந்தது, இன்ஜினையும் காத்தது. ஆயிலில் சேறு சேர்வது குறைந்தது.

என் தாத்தா வாலாஜாபேட்டையில் இதே மாடல் வண்டி வைத்திருந்தார், வட ஆற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலம். அவர் வண்டி நிறுத்தும் இடத்தில் ஆயில் சொட்டிய கறை இன்றைக்கும் தரையில் தெரிகிறது. அம்பாசடர் என்றால் ஆயில் சொட்டும் என்றே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தபோது பாதி சொட்டல் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பாலாற்றங்கரை பட்டறை

ஆம்பூர் தம்பிக்கு மூன்று விஷயம் சொல்கிறேன், கோபம் வேண்டாம். ஒன்று, உங்கள் வண்டியில் இப்போது உறிஞ்சுவதற்கு ஆளே இல்லை. அழுத்தம் தானாகத் தள்ளினால்தான் வெளியே போகும், நீராவி முழுதாகப் போகாது. ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். இரண்டு, கீழே விட்ட குழாயின் வாயில் ஃபில்டர் இல்லை. இன்ஜின் ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளிக்காற்றை அந்த வழியாக இழுக்கும். மண் ரோட்டில் நின்றால் புழுதியும் உள்ளே போகும். மூன்று, அந்த ஆவி ஏசி காற்று வழியாக உள்ளே வரும். குழந்தைகள் உட்காரும் வண்டி.

கார்புரேட்டர் சுத்தமாக இருக்கிறது என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆம்பூர் 800

பார்த்தேன் அண்ணே. மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெளிர் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா என்று பயமாக இருக்கிறது.

காட்பாடி எஸ்டீம்

எங்கள் வண்டியிலும் இதே வெண்ணெய் இருந்தது, அதற்கும் பயந்தோம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா, ஆயில் கம்பியில் பால் கலந்த காபி நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் மூடியில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் இந்த நீராவிதான்.

வேலூர் வெயிலில் எப்படி ஈரம் சேரும் என்று நானும் கேட்டேன். வெளி வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. அப்பா வண்டியை எடுப்பதே காட்பாடியில் இருந்து சி.எம்.சி. மருத்துவமனை வரைக்கும், இல்லையென்றால் காந்தி நகர் மார்க்கெட்டுக்கு. ஐந்தாறு கிலோமீட்டர். ரேடியேட்டர் முள் நடுவுக்கு வந்துவிடும், ஆனால் ஆயில் சூடாக அதைவிட அதிக நேரம் ஆகும். ஈரம் ஆவியாகிப் போகும் முன் வண்டியை நிறுத்திவிடுகிறோம். மறுநாள் திரும்ப அதே. "பெரியவர் ஓட்டிய வண்டி, குறைந்த கிலோமீட்டர்" என்று விற்பனைக்கு வரும் கார்களில் இந்தப் பிரச்சினை அதிகம் இருக்க இதுதான் காரணம்.

இப்போது வாரம் ஒருமுறை பைபாஸில் ஏறி பள்ளிகொண்டா வரை போய் வருகிறோம். அப்பாவும் ஆசையாக வருகிறார்.

குடியாத்தம் டீசல்

டீசல்காரர்களுக்கு ஏதாவது சொல்லுங்கள். குவாலிஸ், 2003 மாடல். பிசிவி வால்வு கேட்டால் கடையில் இல்லை என்கிறார்கள்.

பாலாற்றங்கரை பட்டறை

கடைக்காரர் சொன்னது சரிதான். உங்கள் டீசலில் பெட்ரோல் வண்டி மாதிரி த்ராட்டில் மூடி உறிஞ்சும் விசை உண்டாவதில்லை, அதனால் அந்த வகை வால்வுக்கு வேலை இல்லை. டேப்பெட் கவரில் இருந்து பிரீதர் ஹோஸ் நேராகக் காற்று உள்ளே போகும் குழாய்க்குப் போகும். அந்த ஹோஸ் அடைக்காமலும் உடையாமலும் இருந்தால் போதும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள், டீசலில் இது முக்கியம். அதிகமான ஆயில் பிரீதர் வழியாக இன்ஜினுக்குள் போனால் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வேகம் ஏறும் அபாயம் உண்டு.

வேலப்பாடி பழைய வண்டி

எல்லோரும் பிசிவி பிசிவி என்று எழுதுவதால் ஒரு எச்சரிக்கை. நான் இதே மாதிரி ஒரு யோசனையைக் கேட்டு, வால்வு, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டேன். கசிவு நிற்கவில்லை. 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். கடைசியில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் மற்றதைவிட மிகவும் குறைவு. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பார்த்தபோது அளவு ஏறியது. ரிங்தான். எட்டு மாதம் தள்ளிப்போட்டதில் போர் சுவரும் கோடு விழுந்துவிட்டது. செலவு இரண்டு பங்கு.

காட்பாடி எஸ்டீம்

இதை எழுதியதற்கு நன்றி. நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டியது: வால்வு மாற்றிய அன்றைக்கே பெரியவர் கம்ப்ரஷனும் பார்த்தார். நாலு சிலிண்டரும் 165க்கும் 172 psiக்கும் நடுவில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் போரிங் தேவையில்லை என்று சொன்னார். 45,000 ரூபாய் கேட்ட இடத்தில் கம்ப்ரஷன் மீட்டரை எடுக்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் வருத்தம் அதுதான்.

பாலாற்றங்கரை பட்டறை

வேலப்பாடி நண்பர் சொன்னதில் ஒரு அட்சரமும் தப்பில்லை. ரிங் போன வண்டியில் புளோபை அவ்வளவு இருக்கும், எந்தப் புது வால்வும் அதை இழுத்துத் தீர்க்க முடியாது. புது வால்வு போட்டு, ஹோஸ் சுத்தமாகி, அப்புறமும் ஐடிலிங்கில் ஆயில் மூடி வழியாகக் காற்று தள்ளினால் உடனே கம்ப்ரஷன் பாருங்கள். பதினைந்து நிமிட வேலை. நல்ல வண்டியில் மூடியைத் திறந்து துளை மேல் ஒரு காகிதத் துண்டு வைத்தால் லேசாக ஒட்டிக்கொள்ளும்.

சத்துவாச்சாரி சான்ட்ரோ

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். வால்வைக் கழற்றினேன். கலகலத்தது, ஆனால் விரல் வைத்தபோது டக் சத்தம் இல்லை. புதிது போட்டேன், த்ராட்டில் பாடியை நாலாவது முறையாகக் கழுவினேன். ஸ்லோ ஸ்பீடு சீராக நிற்கிறது, ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. இரண்டு மாதம் தாண்டினால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதால் திரும்பவும் எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். ஹோஸ் முனை காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்துக் கடையில் அதே அளவில் தண்ணீர் ஹோஸ் கொடுத்தார்கள், தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பாலாற்றங்கரை பட்டறை

இந்த வாரமே மாற்றிவிடுங்கள். தண்ணீர் ஹோஸ் ரப்பர் ஆயில் பட்டால் ஊறி மெத்தென்று ஆகிவிடும், உறிஞ்சும் விசையில் உள்பக்கமாகச் சப்பிக்கொள்ளும். திரும்ப அடைப்புதான். உங்கள் மாடல் நம்பர் சொல்லி ஒரிஜினல் ஹோஸ் கேளுங்கள், வளைவோடு வரும். கிடைக்காவிட்டால் ஆயில் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு, வளையும் இடத்தில் மடங்காத அளவுக்கு நீளம் விட்டு வெட்டுங்கள். கிளிப்பை நெரித்து இறுக்க வேண்டாம்.

ஆம்பூர் 800

போல்ட்டை எடுத்துவிட்டேன் அண்ணே. மேனிஃபோல்டு துளையில் பழைய ரப்பர் துண்டு உள்ளேயே உடைந்து நின்றது, ஊசி மூக்கு பிளையரால் எடுத்தோம். புது வால்வு, புது ஹோஸ், புது ஆயில் போட்டாயிற்று. ரேடியேட்டர் தண்ணீர் அளவு குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடி வரை போய் வந்து மூடியைத் திறந்து பார்த்தேன், அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.